சக்கரம் நுழையாத தெரு

ஜனவரி 31, சனி

திங்கட்கிழமை முதல் கோட்டைவாசல் தெருவில் வண்டிகள் ஓடா. ஒரு மாதச் சோதனை. ஏழாண்டுகளாக நான் எழுதிய மனுக்களுக்குக் கிடைத்திருக்கும் முதல் உண்மையான பதில் இது. இதற்கு முன் வந்தவையெல்லாம் என் கடிதம் கிடைத்தது என்பதை மட்டும் தெரிவித்தன. கிடைக்கும் என்று எனக்கே தெரியும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

தெரு மணிக்கூண்டில் தொடங்கிப் பழைய கோட்டை வாயிலில் முடிகிறது. இருபுறமும் கடைகள். கடைகளுக்கு மேலே, நகரத்தின் நடுப்பகுதியை விட்டு இன்னும் வெளியேறாத எங்களைப் போன்ற சிலர். கல்லூரியில் தருக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குழுவில் வேறெவருக்கும் ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ஆணையின் வாசகம் முழுவதும் என்னுடையது. "சக்கரங்களின்மீது உருளும் எப்பொருளும் இத்தெருவில் நுழையலாகாது." வாகனம் என்று எழுதினால் மொபெட் வைத்திருப்பவன் அது வாகனமே அன்று என்பான். மோட்டார் என்று எழுதினால் பேட்டரியில் ஓடுவதைக் காட்டுவான். ஒரு விதிவிலக்கை உள்ளே விட்டால் அது தன் உறவினர் அனைவரையும் அழைத்துவரும். நான் எதையும் விடவில்லை. எங்கள் குழுவில் உள்ள கட்டடக் கலைஞர் நிவேதன் படித்துவிட்டு, "மேடம், இதுல எறும்புகூட உள்ள வர முடியாது" என்றார். எறும்புக்குச் சக்கரம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 2, திங்கள்

கண் விழித்தபோது இறந்துவிட்டேனோ என்று ஐயுற்றேன். அவ்வளவு அமைதி. ஐயுறுவதற்கு ஒருத்தி மிச்சமிருப்பதால் அது பிழையான முடிவு என்று தெளிந்து, எழுந்து காபி போட்டேன்.

பனி இறங்கியிருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தபோது தெருவின் தரை தெரியவில்லை. மனிதர்கள் இடுப்பளவு வெண்மையில் மெதுவாக நடந்தார்கள். சாலையின் நடுவில் நடக்கலாம் என்பதை இன்னும் நம்பாதவர்களாக, ஆழம் தெரியாத ஆற்றில் இறங்கியவர்களைப் போல. என் வீட்டின் கீழுள்ள பாத்திரக் கடையில் ஒரு கிண்ணத்தை இன்னொரு கிண்ணத்தின்மேல் அடுக்கும் ஒலி கேட்டது. எங்கோ ஒரு குக்கர். புறாக்கள் எழும்பும்போது இறக்கைகளுக்கும் ஓர் ஒலி உண்டு என்பதை இந்த வயதில் அறிந்தேன்.

நேர் எதிரே, மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், ஜொஹரா இருக்கிறாள். கடை அவள் கணவருடையது. அவர் மறைந்தபின் வாடகைக்கு விட்டிருக்கிறாள். மகன் அன்வர் தனியே குடியிருக்கிறான். சென்ற ஐப்பசியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புதனும் சனியும் ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போகிறாள். முப்பதாண்டுகளாக எதிரெதிரே வாழ்கிறோம். நடுவில் ஓடிய லாரிகளாலும் பேருந்துகளாலும், பால்கனியிலிருந்து கையசைப்பதற்கு மேல் எதுவும் இயன்றதில்லை.

இன்று அவள், குரலை உயர்த்தாமல், அறைக்குள் பக்கத்தில் அமர்ந்திருப்பவளிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்:

"வல்லி, இன்னிக்கு என்னாடி கொழம்பு?"

எனக்குக் கேட்டது. ஒவ்வோர் எழுத்தும்.

"வத்தக்குழம்பு. உனக்கு?"

"எனக்கு என்னா, நேத்து வச்ச மீன் கொழம்புதான். இன்னிக்கித்தான் ருசியா இருக்கும்."

உரையாடலின் உள்ளடக்கம் பதிவு செய்யத் தக்கதன்று. பதிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மீண்டும் பேசினோம். வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை. பருப்பு வாங்க மறந்துபோயிற்று.

பிப்ரவரி 4, புதன்

மணிக்கூண்டுத் தடுப்பில் முத்தழகு என்னும் முன்னாள் படைவீரரைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். ஜொஹராவை வழக்கமாக அழைத்துப் போகும் சேவியரின் ஆட்டோவை அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. ஆட்டோவும் சக்கரங்களின்மேல்தான் உருளுகிறது என்பதை எழுதும்போது அறிந்திருந்தேன், அதில் யார் ஏறுகிறார் என்பதை எண்ணவில்லை.

ஜொஹரா வாக்கரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள். வாக்கரின் முன்கால்களில் சிறு உருளைகள். ரோந்து வந்த முத்தழகு அவற்றைக் குனிந்து பார்த்தார்.

"அம்மா, இதுல ரெண்டு வீல் இருக்கே."

"இருந்துட்டுப் போவுது தம்பி. அதுமேல ஏறி நான் ஊர்வலமா போறேன்?"

நான் கீழே இறங்கிச் சென்று, வாக்கர் ஊர்தியன்று என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஆணையின் நகலை எடுத்தார். லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"எழுதினது நீங்கதான்னு சொன்னாங்க மேடம். ரொம்பத் தெளிவா இருக்கு. 'எப்பொருளும்'னு போட்டிருக்கீங்க. இத விட்டா தள்ளுவண்டிக்காரன் வந்து எனக்கும் நாலு வீல்தான்னு நிப்பான். எத்தன வீல் வரைக்கும் விடலாம்னு நீங்க போடலையே?"

என் மாணவிகளில் ஒருத்தியும் என்னை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. வாக்கரை மட்டும் அவர் மனமிரங்கி விட்டுவிட்டார். ஆனால் மணிக்கூண்டுவரை நடக்க அவளால் ஆகாது; படியிறங்கி ஆட்டோவில் ஏறும் அளவுக்குத்தான் மருத்துவர் அனுமதித்திருக்கிறார். சேவியர் ஓடிவந்து, "பெரியம்மா, நாற்காலில ஒக்காருங்க, நானும் இந்தக் காவக்கார அண்ணனும் தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றார்.

ஜொஹரா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க விரும்புகிறேன்.

"உசுரோட இருக்கயிலேயே நாலு பேரு பாக்கத் தோள்ல ஏத்தாதடா. அதுக்கு ஒரு நாளு வரும்."

மாடியேறிப் போய்விட்டாள். ஒவ்வொரு படிக்கும் வாக்கர் தட்டும் ஒலி தெரு முழுவதும் கேட்டது. முன்பெல்லாம் கேட்டிருக்காது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கனவுகளை எழுதுவது படித்தவர் செயலன்று. வெயிலின் அளவைக் குறிப்பதைப் போலக் குறித்து வைக்கிறேன்: தெருவில் பால்கனியின் விளிம்புவரை நீர் நிற்கிறது. தெளிந்த நீர். அடியில் கடைகளின் பெயர்ப்பலகைகள் பச்சையாகத் தெரிகின்றன. முத்தழகு நீருக்குள் நின்று மீன்களை ஒவ்வொன்றாகச் சோதித்து உள்ளே விடுகிறார். நானும் ஜொஹராவும் அவரவர் பால்கனியில் காலை நீரில் விட்டு அமர்ந்திருக்கிறோம். ஒருவரும் அவசரப்படவில்லை.

விழித்தபின் பாத்திரக் கடைக் குலசேகரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேர்ந்தது. அவர் வணிகர் சங்கத் தலைவர். பழைய சந்தைத் திடலில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்ட வேண்டும் என்பவர். ஆகவே என் இயல்பான எதிரி. கடைவாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, வராத வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருந்தார்.

"கும்பிடுறேன் மேடம். கல்யாணத்துக்கு அண்டா வாங்க வர்றவன் அதத் தலையில கவுத்துக்கிட்டு மணிக்கூண்டு வரைக்கும் போவானா? சொல்லுங்க."

"போகட்டும். கழுத்துக்கு நல்லது."

"உங்க நாக்குக்கு மட்டும் சக்கரம் வச்சிருக்காரு கடவுள்." சிரித்தார். பிறகு சிரிக்காமல் எதிர்மாடியைப் பார்த்தார். "அவங்களும் எறங்கல போலருக்கே, நேத்து."

நேற்று சனி. எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 12, வியாழன்

ஜொஹரா தானே பயிற்சி செய்துகொள்வதாகச் சொல்கிறாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்குவதாம். நான் பார்த்தவரையில் கால் தூங்கிக்கொண்டிருக்கிறது. பிசியோதெரபி செய்பவரை வீட்டுக்கு வரச்சொல்லிப் பார்த்தோம். அங்குள்ள கருவிகளைத் தூக்கிவர இயலாது என்றுவிட்டார்.

"அன்வரு வந்து கூப்புடுறான்டி. பைபாஸ் ரோட்டுல அவன் ஃபிளாட்டு. லிஃப்ட்டு இருக்கு. கீழயே ஆஸ்பத்திரி. வந்துரும்மாங்குறான்."

லிஃப்ட் உள்ள கட்டடங்களில் வாழ்பவர்கள் விரைவில் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்றேன். இதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை.

"அப்ப எனக்குப் பொருத்தமான எடந்தான்."

பூக்காரியின் செருப்பொலி கோட்டை வாயிலிலிருந்து வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே கடந்து, மணிக்கூண்டுப் பக்கம் தேய்ந்தது.

"இந்த அமைதிய விட்டுட்டுப் போறதுதான் கஷ்டம். ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்துருந்தா உன் வாயி இவ்ளோ பெருசுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் நெடுநேரம் எதிர்வீட்டுச் சன்னல் திறக்கவில்லை. மழைநீர்க் குழாயைப் பார்வையிடும் பொருட்டு நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். குழாய் நல்ல நிலையில் இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. பள்ளிவாசலிலிருந்து நோன்புக்கஞ்சி அண்டா ஆண்டுதோறும் தள்ளுவண்டியில் இத்தெரு வழியாக வரும். முத்தழகு தம் கடமையைச் செய்தார். இளைஞர்கள் ஒன்றும் பேசாமல் மூங்கிலைக் கோத்து அண்டாவைத் தோளில் ஏற்றினார்கள். மாலை வெயிலில் ஆவி மேலெழ, அந்தப் பெரிய வெண்கல வயிறு ஆள்நடையில் அசைந்து அசைந்து தெருவில் மிதந்துவந்தது. வணிகர்கள் எழுந்து நின்றார்கள். எவர் கட்டளையிட்டார் என்று தெரியவில்லை, குலசேகரனும் எழுந்தார். என் வாசகத்தின் மடமை இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம்போல எனக்கும் ஒரு தூக்கில் வாங்கிவந்து கொடுத்தார். ஜொஹரா மருத்துவர் சொல்லைத் தட்டி நோன்பு வைத்திருக்கிறாள். பாங்கு ஒலித்தது. ஹாரன்கள் இல்லாத காற்றில் அந்தக் குரல் கூரைகளின்மேல் நெடுநேரம் தங்கியது. அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்தபின் நான் கஞ்சியைத் தொட்டேன். எனக்கு நோன்பு இல்லை; பசியிருந்தது, காத்திருந்தேன், அவ்வளவே.

"ஆறிப்போச்சா?"

"குடிக்கும் சூடுதான்."

"அன்வரு முடிவு பண்ணிட்டான் வல்லி. சாமானெல்லாம் தலச்சுமையா கொண்டுபோக முடியாது, இந்த ஒரு மாசம் முடியட்டும், தெரு தொறந்தா அன்னிக்கே வேன் கொண்டாறேங்குறான். தொறக்கலன்னா கூலியாளு வச்சுத் தூக்கிக்கலாமாம். எப்புடியும் கூட்டிட்டுப் போயிருவான். இந்தக் கால வச்சுக்கிட்டு இங்க என்னா பண்ணப் போறன்னு கேக்குறான். பதிலு தெரியல."

எனக்கும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கஞ்சியில் உப்புக் குறைவு என்றேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நிவேதன் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். எங்கள் குழு ஆதரித்தால் தடை நிரந்தரமாகும். தெரு முழுவதும் கல் பாவி மரம் நடுவார்கள். திருத்தம் கேட்டால் இந்த ஆணை காலாவதியாகும். புதிய ஆணைக்குக் கோப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் தெரு எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிடப்படும். வாகன நிறுத்தக் கோப்பு முந்திக்கொள்ளும்.

"நோயாளிகள் ஏறும் ஆட்டோ மட்டும்" என்று தொடங்கினேன்.

"மேடம், நீங்க சொன்னதுதான். ஒண்ண விட்டா சொந்தக்காரன் எல்லாரையும் கூட்டிட்டு வரும். நாளைக்கு ஒவ்வொரு ஆட்டோலயும் ஒரு நோயாளி இருப்பாரு. ஏழு வருஷம் மேடம்."

அவருடைய வரைபடத்தை மேசைமீது விரித்தார். வேப்பமரங்கள், இருக்கைகள், நடுவில் சிறுவர்கள் ஓடுவதைப் போலச் சின்னஞ்சிறு உருவங்கள். மரநிழலைக்கூட வண்ணம் தீட்டியிருந்தார். நல்லவர். நல்லவர்களோடு வாதிடுவது களைப்பூட்டும் வேலை. எனக்கு அந்தத் தெருவில் வாழ வேண்டும் என்றிருந்தது. இதையும் குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

"நிவேதன் தம்பி வந்துட்டுப் போனத பாத்தேன். எனக்காகன்னு கூட்டத்துல எதையாச்சும் ஒளறி வைக்காத."

"உனக்காக நான் என்றைக்கு எதைச் செய்திருக்கிறேன்?"

"அது தெரியும்" என்றாள். சிரித்தது இங்கே கேட்டது.

பிறகு மாலை முழுவதும் அமர்ந்திருந்தோம். எதிர்ச்சுவரில் என் நிழல் அவள் பால்கனியின் கீழ்வரை போய் மங்கியது. பேசாமலிருப்பதும் இத்தெருவில் இப்போது கேட்கிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

கூட்டம் நடந்தது. மின்விசிறிகள் மட்டும் ஆர்வத்துடன் கலந்துகொண்டன. குலசேகரன் தம் நட்டத்தைப் பற்றிப் பேசினார். நிவேதன் மரங்களைப் பற்றிப் பேசினார். அவர் பேசும்போது மண்டபத்தில் இலை அசைவது போலிருந்தது. பிறகு என் பெயரை அழைத்தார்கள்.

ஆதரவுரை எழுதி வைத்திருந்தேன். வாசிக்கவில்லை.

"வரையறை என்னுடையது. அது தவறு" என்றேன். "ஒரு விதியிலிருந்து பிழையில்லாமல் வருவித்த முடிவு, ஒரு மனுஷியைத் தன் வீட்டுப் படியை இறங்கவிடாமல் செய்கிறது என்றால், அந்த விதியைத் திருத்த வேண்டும். மனுஷியைத் திருத்த இயலாது. நோயுற்றோரையும் முதியோரையும் ஏற்றும் ஆட்டோ, கைவண்டி, வாக்கர் ஆகியவற்றை அனுமதித்துப் புதிய ஆணை வேண்டுகிறேன்."

தலைமை வகித்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அப்படின்னா நாளையோட இந்த ஆர்டர் முடியும். ஞாயித்துக்கிழமையிலிருந்து பழையபடி எல்லா வண்டியும் ஓடும். புது ஆர்டர் எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. சம்மதமா?"

"சம்மதம்."

நிவேதன் எழுந்து வெளியே போனார். எங்கள் குழுவினரில் ஒருவர் என்னைத் துரோகி என்றார். சொல்லின் உச்சரிப்பு சரியாக இருந்தது. வெளியில் குலசேகரன் காத்திருந்தார்.

"நான் ஜெயிச்சேனா, நீங்க ஜெயிச்சீங்களா மேடம்? ஒண்ணும் புரியல."

"உங்களுக்குப் புரியாமல் போவது புதிதன்று."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "வாங்க, நடந்தே போவோம்" என்றார். மணிக்கூண்டிலிருந்து சாலையின் நடுவில் நடந்து வந்தோம், எதிரிகள் இருவரும், அவசரமில்லாமல்.

பிப்ரவரி 28, சனி

கடைசி மாலை. பால்கனியில் இருந்தோம். என்ன பேசினோம் என்பதை எழுதப்போவதில்லை.

திறந்த தெருவில் முதலில் வரப்போவது அன்வரின் வேன் என்பதை மட்டும் குறிக்கிறேன். காலையில் வருகிறதாம். இதை நான் வெள்ளிக்கிழமை பேசும்போதே அறிந்திருந்தேன். போவாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

விடியுமுன் ஒரு லாரி. அதன்பின் எல்லாம். கனவிலிருந்து ஒருவரைத் தோளைப் பிடித்து உலுக்குவதைப் போலத் தெரு உலுக்கப்பட்டது. சன்னல் கண்ணாடிகள் தம் பழைய நடுக்கத்தை மறந்திருக்கவில்லை. புறாக்கள் எழும்பின; இறக்கைகள் ஒலியின்றி அடித்துக்கொண்டன.

எட்டு மணிக்கு வேன் வந்து கண்ணாடிக் கடை வாசலில் நின்றது. அன்வர் இறங்கி, என்னை நோக்கி மரியாதையாகக் கையுயர்த்திவிட்டு மாடியேறினான். இரண்டு ஆட்கள் பின்னே போனார்கள். நான் துணி உலர்த்தினேன். நான்கு கைக்குட்டைகளை உலர்த்த நெடுநேரம் ஆயிற்று. ஆட்கள் மரபீரோவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வேனில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.

ஜொஹரா வாக்கருடன் பால்கனிக்கு வந்தாள். ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது; சொல் வரவில்லை. நடுவே ஒரு பேருந்து நின்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

நான் தெருவில் கத்துபவள் அல்லள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஜொஹரா! போகிறாயா?"

அவள் காதில் கைவைத்துத் தலையாட்டினாள். கேட்கவில்லை.

கீழே ஸ்டூலில் இருந்த குலசேகரன் அண்ணாந்து என்னைப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார். எழுந்து, இரண்டு பைக்குகளை நிறுத்தச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டுச் சாலையின் நடுவுக்கே போனார்.

"யம்மோவ்! மேடம் கேக்குறாங்க! போறீங்களாங்குறாங்க!"

அவள் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். ஒரு கையால் பீரோவைக் காட்டினாள். குலசேகரன் என் பக்கம் திரும்பி, வாயருகே இரு கைகளையும் குவித்துக்கொண்டார்.

"போகலையாம் மேடம்! பீரோ மட்டுந்தான் மகன் வீட்டுக்காம்! புதன்கிழமைக்கு சேவியர வரச் சொல்லிட்டாங்களாம்!"

பேருந்து நகர்ந்தது. பைக்குகள் அவரைத் திட்டிக்கொண்டு இருபுறமும் ஒதுங்கிப் போயின.

"என்ன?" என்றேன், எனக்கு நன்றாகக் கேட்டிருந்தும்.

"போகலையாம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் கத்தினார்.